ஒரு புத்தகம், மூன்று ஆசிரியர்கள்: மும்பைப் படிப்பகங்களின் பட்டியல்களை எப்படி இணைப்பது?

மாட்டுங்காப் பதிவேட்டில் ஆசிரியர் உ.வே.சாமிநாதையர். செம்பூர்க் கோப்பில் திருத்தக்கதேவர். தாராவிப் பட்டியலில் நச்சினார்க்கினியர். மூன்று இடங்களிலும் இருப்பது சீவகசிந்தாமணிதான். எழுதிவைத்த மூவரில் யாரும் தவறு செய்யவில்லை. காப்பியத்தை இயற்றியவர் ஒருவர், உரை கண்டவர் ஒருவர், 1887இல் நூல் முழுவதையும் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் ஒருவர். பட்டியலில் ‘ஆசிரியர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அவரவருக்கு யார் முக்கியமோ அவரை அதில் எழுதினார்கள்.

மூன்று படிப்பகங்களும் தங்கள் புத்தகங்களை ஒரே பட்டியலில் பார்க்க விரும்புகின்றன. செம்பூர் வாசகர் தாராவியில் இருக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். நான் பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ இதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு மாதிரியில் அமைந்த தரவை இன்னொரு மாதிரிக்குக் கொண்டுபோகும் வேலை. அதனால் இது என் தலையில் விழுந்தது. எந்த வழியில் போவது என்று முடிவெடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வேறு ஊர்ச் சங்கங்களும் இதே கேள்வியோடு இருக்கக்கூடும் என்பதால், பார்த்த வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் இருப்பது கையெழுத்துப் பதிவேடு. மாமா ஒருவர் நாற்பது ஆண்டுகளாகப் பராமரித்தது. செம்பூரில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் செய்த எக்செல் கோப்பு. தாராவியில், அச்சகம் நடத்திய அண்ணாச்சி யூனிகோடு பரவுவதற்கு முன்பே ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவைத்த பட்டியல். திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ‘கை’ என்பதற்கு இணைக்கொம்பை முதலில் அடித்து அதன்பின் ககரத்தை அடிப்பார்கள். யூனிகோடு ககரத்தை முதலில் வைக்கும். இதை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு மாலையில் முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வேலை ஆயிற்று என்று கைதட்டினார்கள். எழுத்து மாறியது, பொருள் இன்னும் அந்தந்த ஊரிலேயேதான் உட்கார்ந்திருந்தது.

எடுத்துக்காட்டுக்கு ‘நிலை’ என்ற பத்தியை, அதாவது பட்டியலின் நெடுவரிசையை, பாருங்கள். மாட்டுங்காவில் நிலை என்றால் கிழிந்ததா, பூச்சி அரித்ததா என்பது. செம்பூரில் நிலை என்றால் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா, யாராவது கொண்டுபோயிருக்கிறார்களா என்பது. ‘விலை’ இன்னும் மோசம். மாட்டுங்காவில் அது நூலில் அச்சிட்ட விலை. செம்பூர் சார் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி வாங்குபவர். அவர் எழுதியது தாம் கொடுத்த விலை. தாராவியில் விலைக் கட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் ‘அன்பளிப்பு’ என்று இருக்கிறது. அதைப் பூஜ்யம் என்று கணினிக்குச் சொன்னால், நாளை யாராவது புத்தகத்தைத் தொலைத்துவிட்டால் அபராதமும் பூஜ்யம்.

பத்தியின் பெயர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்து இணைப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய தவறு. அதைச் செய்து நானும் அடிபட்டிருக்கிறேன், சம்பளத்துக்குச் செய்த இடத்தில்.

எல்லாவற்றையும் ஒரே எக்செலில் கொட்டுவது

குழுவில் பெரும்பாலோர் முதலில் கேட்டது இதைத்தான். மூன்றுக்கும் பொதுவான பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். இதன் கொஞ்சம் நாகரிகமான வடிவம் டப்ளின் கோர் என்ற பொதுப் பத்திகளின் தொகுதி. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்ததால் அந்தப் பெயர். அயர்லாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மொத்தம் பதினைந்தே கூறுகள்: தலைப்பு, படைத்தவர், பங்களித்தவர், நாள், மொழி என்று. ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். சிந்தாமணிக்குத் திருத்தக்கதேவரைப் படைத்தவர் என்றும் மற்ற இருவரைப் பங்களித்தவர்கள் என்றும் போடலாம். உரையாசிரியர் யார், பதிப்பாசிரியர் யார் என்பது அதோடு கரைந்துவிடும். கதைப் புத்தகங்களும் வார இதழ்களும் மட்டுமே இருக்கும் படிப்பகத்துக்கு இது தாராளமாகப் போதும். எங்களிடம் உரைநூல்கள் மிகுதி.

ஒவ்வொன்றிலிருந்தும் மற்றொன்றுக்கு ஒரு மாற்றி

அவரவர் பட்டியல் அவரவரிடமே இருக்கட்டும், கேட்கும்போது மாற்றிக்கொடுக்க ஒரு நிரல் எழுதிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது வழி. மூன்று பட்டியல்களுக்கு இருபுறமும் போய்வர ஆறு மாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொது மாதிரியை வைத்தாலும் போக மூன்று, வர மூன்று என அதே ஆறுதான். அதனால் மூன்று பேருக்குள் இது நட்டமில்லை. நான்காவதாக ஒருவர் சேர்ந்தால் பன்னிரண்டுக்கு எட்டு. ஐந்தானால் இருபதுக்குப் பத்து. டோம்பிவலியிலிருந்து ஏற்கெனவே ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார். அதோடு இந்த வழியை மூடினேன்.

நடுவே மார்க்

நூலகத் துறையின் பொது மொழி மார்க்; புத்தக விவரங்களைக் கணினி படிக்கும்படி பதிந்துவைக்கும் முறை. 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணியின் தலைமையில் உருவானது. இன்று புழங்கும் மார்க் 21 என்ற வடிவம் 1999இல் வந்தது. நியூசிலாந்தில் பிறந்து 2000த்தின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருள் இதில்தான் இயங்குகிறது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. தாராவிப் பட்டியலுக்குப் பொருத்தமான பெயர்.

மார்க்கின் வலிமை, அது நூலகர்கள் கட்டியது. முதன்மை ஆசிரியருக்கு 100 என்ற புலம் (மார்க்கில் கட்டத்துக்கு அதுதான் பெயர்), துணைநின்றவர்களுக்கு 700. ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பக்கத்திலேயே குறிக்கலாம். உரை எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. சிந்தாமணிச் சிக்கல் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் மாமாகூட ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்.

பெயரில்தான் முதல் முள். 100ஆம் புலத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எண் போட வேண்டும்: இயற்பெயரில் தொடங்கினால் 0, குடும்பப் பெயரில் தொடங்கினால் 1. ம. வேலாயுதம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ம’ அவருடைய அப்பாவின் பெயர். அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. மும்பையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தமிழர் அனைவரும் இந்த இடத்தில் நின்றிருப்போம்; ‘ஆட்நாவ் காய்?’, குடும்பப் பெயர் என்ன, என்று மராத்தியில் கேட்பார்கள், நாம் அப்பா பெயரையே இன்னொரு முறை சொல்லுவோம். செம்பூர்க் கோப்பில் சார் ‘வேலாயுதம், ம.’ என்று வங்கிப் பாணியில் எழுதியிருக்கிறார். காற்புள்ளியைக் கண்டதும் மாற்றி நிரல் வேலாயுதத்தைக் குடும்பப் பெயராக்கி 1 போட்டுவிட்டது. கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன், ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கென்று தனி விதி எழுத வேண்டியிருந்தது.

ஆண்டில்தான் மார்க் உண்மையாகவே தடுக்கியது. மாட்டுங்காப் பதிவேட்டில் ஒரு சித்த வைத்தியச் சிறுநூலுக்கு ஆண்டு என்ற கட்டத்தில் ‘விஜய, தை’ என்று இருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் விஜய வருஷம் 1893 சித்திரையிலும், 1953 சித்திரையிலும், 2013 சித்திரையிலும் தொடங்கியது. தை மாதமோ ஆங்கில ஆண்டு மாறிய பிறகு வருவது. ஆக நூல் வெளிவந்தது 1894 அல்லது 1954 அல்லது 2014. மார்க்கில் ஐயமான ஆண்டுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு ஆண்டுகளைக் கொடுத்தால் ‘இவற்றுக்கு இடைப்பட்ட ஏதோ ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு இடைப்பட்டது வேண்டாம். இது அல்லது அது என்று சொல்ல வேண்டும், அதற்கு இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. குறிப்பாக எழுதிவைக்கலாம், மனிதர் படிப்பார், கணினி படிக்காது.

செம்பூர்க் கோப்பிலோ ஒரு கவிதைத் தொகுப்பின் ஆண்டு 2040. எதிர்காலத்திலிருந்து வந்த புத்தகமோ என்று சிரித்தோம். அது திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 2009.

பொருளையே மாதிரியாக்குவது

நான்காவது வழி, என் மனத்துக்கு நெருக்கமானது. பத்திகளையும் புலங்களையும் ஒதுக்கிவிட்டு, தெரிந்ததை எல்லாம் சிறு கூற்றுகளாகச் சொல்வது. ‘இந்நூலுக்கு உரை எழுதியவர் நச்சினார்க்கினியர்’ என்பது ஒரு கூற்று. ‘இந்தப் படி மாட்டுங்காவில் இருக்கிறது’ என்பது இன்னொன்று. எழுவாய், உறவு, அதற்கு மறுமுனை என மூன்றே உறுப்புகள். இப்படிச் சொல்வதற்கான ஆர்.டி.எஃப் என்ற முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் பரிந்துரையாக வெளியிட்டது. அதன்மேல் நூலகங்களுக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எழுப்பிவருவது பிப்ஃபிரேம்; மார்க்கின் இடத்துக்கு வர வேண்டியது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த மாதிரிகளுக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998இல் அதை வகுத்தது: படைப்பு வேறு, அது சொல்லுருவம் பெற்ற வடிவம் வேறு, அச்சான பதிப்பு வேறு, அலமாரியில் இருக்கும் படி வேறு. மேலை நூலகர்கள் இதைப் பெரிய மாற்றமாகப் பேசினார்கள். ‘மூலமும் உரையும்’ என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டுப் பழகிய நமக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. எந்த உரை, யார் பதிப்பு என்று கேட்டுத்தானே குறளையே வாங்குகிறோம்?

‘விஜய, தை’ இங்கே எப்படித் தீர்ந்தது என்று பாருங்கள். நூல் வெளியான ஆண்டு மூன்றில் ஒன்று என்று மூன்று வாய்ப்புகளையும் அப்படியே பதிந்தேன். விலை எட்டு அணா என்றிருந்தது. தசமக் காசு 1957 ஏப்ரலில் வந்துவிட்டது, 2014இல் யாரும் அணாவில் விலை போடுவதில்லை. வெளியான இடம் ‘ஜா. டவுன், சென்னை’. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1894இல் அது கறுப்பர் நகரம். மிஞ்சியது 1954. இந்த இரண்டு விதிகளையும் ஒருமுறை எழுதிவைத்தால் போதும், இதே போன்ற ஏனைய நூல்களையும் கணினியே சல்லடை போட்டுத் தரும்.

ஒரு நுட்பம் இருக்கிறது. அணா விதி மாட்டுங்கா நூல்களுக்கு மட்டுமே செல்லும், ஏனென்றால் அங்கே விலை என்பது அச்சிட்ட விலை. செம்பூர்க் கோப்பில் அதே நூலின் விலை நாற்பது ரூபாய் என்றிருந்தால் அது நடைபாதைக் கடைக்காரர் சொன்ன விலை, ஆண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே ‘விலை’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு உறவுகளைத் தனித்தனியாகப் பெயரிட்டேன். மார்க்கிலும் இதைச் செய்யலாம். செய்யாமல் விட்டுவிடுவதும் அங்கே எளிது. இங்கே பெயரிடாமல் நகரவே முடியாது. இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் இந்த வற்புறுத்தல்தான்.

இனிக் குறைகள். ஒன்று, ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று அறிவிக்கும் உறவு. மிகவும் கவர்ச்சியானது, மிகவும் ஆபத்தானது. மாட்டுங்காவின் மு. கணபதியும் செம்பூரின் மு. கணபதியும் ஒருவரே என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஒருவரைப் பற்றிய எல்லாக் கூற்றும் மற்றவர்மேல் ஏறிவிடும். தாராவிக் கணபதியும் செம்பூர்க் கணபதியும் ஒருவர் என்று இன்னொருவர் சொன்னால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள், யாரும் அப்படிச் சொல்லாமலேயே. 2009இல் வந்த ஸ்காஸ் என்ற சொற்றொகுதித் தரத்தில் பொருத்தத்துக்குப் படிநிலைகள் இருக்கின்றன: சரியாகப் பொருந்துவது, நெருங்கிப் பொருந்துவது, அதைவிட விரிந்தது, அதைவிடக் குறுகியது. பயன்படுத்தியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கருவி இந்த நான்கு சொற்கள்தான்.

இரண்டாவது குறை ஆள். கூற்றுகளைக் கேள்வி கேட்க ஸ்பார்க்குவல் என்ற தனி மொழி தெரிய வேண்டும். எங்கள் மூன்று படிப்பகங்களிலும் சேர்த்து அது தெரிந்தவன் நான் ஒருவன். எனக்கு நாளைக்குப் புனேக்கு மாற்றல் வந்தால், அண்ணாச்சி தம் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. புத்தகம் கொடுக்க, வாங்க, நினைவூட்ட என அன்றாட வேலைக்கு ஆயத்தமாக ஒரு திரையும் இதில் இல்லை; நாமே கட்ட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் சொல்லாதா?

குழுவின் இளைஞர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. மூன்று பட்டியல்களிலிருந்தும் சில பக்கங்களைக் கொடுத்து, எந்தப் பத்தி எதனோடு பொருந்தும் என்று ஒரு மொழி மாதிரியிடம் கேட்டோம். ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் எல்லாம் நொடியில் பொருந்தின. 2040 திருவள்ளுவர் ஆண்டாக இருக்கலாம் என்று அதுவே சொன்னது. உண்மையாகவே வியந்தேன்.

மாட்டுங்காப் பதிவேட்டின் கடைசிப் பத்திக்குத் தலைப்பு கிடையாது. சில நூறு நூல்களுக்கு எதிரே சிவப்பு மையில் ‘ம’ என்று மட்டும் இருந்தது. மறுபதிப்பு என்றது இயந்திரம், எந்தத் தயக்கமும் இல்லாமல். அதற்கு முந்தைய வாரம் நானும் மறுபதிப்பு என்றுதான் குறித்துவைத்திருந்தேன். மாமாவிடம் பதிவேட்டை விரித்துக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் அந்த வரிசையைத் தடவினார்.

“மழை,” என்றார்.

2005 ஜூலை 26. சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த அன்று கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த தரைத்தளப் படிப்பகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டுகளில் இருந்தவை நனைந்தன. மாடியில் விரித்து, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் குறித்திருக்கிறார். சில புத்தகங்கள் பிழைத்தன, சிலவற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. பிழைத்ததற்கும் போனதற்கும் ஒரே ‘ம’தான், எது எது என்பது அவருக்கு நினைவில் இருக்கிறது.

ஆகவே இந்த வழிக்கு என் மதிப்பெண்: முன்மொழிய விடலாம், முடிவெடுக்க விடக்கூடாது. அது சொல்லும் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் பக்கத்தில் சரிபார்த்தவர் பெயர் இருக்க வேண்டும். தெரியாத இடத்திலும் தெரிந்த இடத்தின் அதே குரலில் பேசுகிறது என்பதுதான் அதன் சிக்கல்.

எங்கள் முடிவு

அன்றாட வேலைக்கு கோஹாவும் மார்க்கும். அதற்குப் பக்கத்தில், பொருள்வழி முறையிலிருந்து கருவியை விட்டுவிட்டு ஒழுங்கை மட்டும் கடன் வாங்கினோம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி கொண்ட பொருள் அட்டவணை: எந்தப் பட்டியல், பத்தியின் பெயர், அங்கே அதற்கு என்ன பொருள், மார்க்கில் எங்கே போகிறது, சரியாகப் பொருந்துகிறதா, நெருங்கியா, விரிந்தா, குறுகியா, யார் சொன்னது, எந்த நாள். சாதாரண எக்செல்தான். மூலப் பதிவில் இருந்த சொற்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒவ்வொரு நூலோடும் குறிப்பாக வைக்கிறோம். ‘விஜய, தை’ அப்படியே இருக்கும், 1954 அதன் பக்கத்தில் இருக்கும். நாளை யாராவது பிப்ஃபிரேமுக்குப் போக விரும்பினால் அந்த அட்டவணையை வைத்தே போகலாம்.

ஓலைச்சுவடிகளோ அரிய பழம்பதிப்புகளோ வைத்திருக்கும் இடமாக இருந்து, சம்பளத்துக்கு ஒரு தரவாளரும் இருந்தால், நான் தயங்காமல் கூற்று முறையையே சொல்லுவேன். ஆயிரம் நாவல்கள் மட்டுமே உள்ள இடத்துக்கு டப்ளின் கோர் போதும். மீதி நேரத்தில் நாவல் படிக்கலாம்.

எந்த வழியானாலும் ஒரு சோதனையைச் செய்துவிட்டே தொடங்குங்கள். ஐம்பது நூல்களை எடுத்துப் புது மாதிரிக்கு மாற்றுங்கள், அங்கிருந்து பழைய வடிவத்துக்கே திருப்புங்கள், முதலில் இருந்ததோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் செய்தபோது தலைப்புகளும் ஆசிரியர்களும் ஒழுங்காகத் திரும்பிவந்தன. செம்பூர்க் கோப்பில் மட்டும் ஏதோ குறைந்தது போலத் தோன்றிக்கொண்டே இருந்தது, எல்லா எழுத்தும் சரியாக இருந்தும். மூலக் கோப்பைத் திறந்த பிறகுதான் பிடிபட்டது: சில வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருந்தார்கள். காற்புள்ளி இட்ட வெற்று எழுத்துக்கோப்பாகச் சேமித்தபோது நிறம் போய்விட்டது.

சார் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். ஞாயிறு காலை தொலைபேசியில் கேட்டேன், மஞ்சளுக்கு என்ன பொருள் சார் என்று. அவர் சற்று நேரம் பேசவில்லை.

“அவை நான் படிக்கக் கொடுத்தவை. சங்கத்துக்குக் கொடுத்துவிட்டதாக யாரும் எழுதிவிடவில்லையே?”

எழுதியிருந்தோம். அறுபத்தொரு புத்தகங்கள், ‘அன்பளிப்பு’ என்று.